விளையில் கண்ட வரலாறு

விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்து வளர்ந்த நான், ஆசிரியப் பணியின் பொருட்டு முதன்முதலாகத் தஞ்சைத் தரணிக்குச் சென்ற ஆண்டில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இன்றும் நினைவில் நிற்கிறது. சளி பிடித்திருந்தது. ரசம் வைத்துக் குடிக்கலாமென்று தெருமுனைக் கடைக்குச் சென்று நூறு கிராம் நல்லமிளகு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கள் கடையில் கெட்ட மிளகு விற்பதில்லை, சார்" என்றார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

ஆயினும் அன்றிரவு அக்கேள்வி என்னை விடவில்லை. எங்கள் பக்கத்தில் வெறுமனே மிளகு என்றால் அது பெரும்பாலும் மிளகாய்தான். காய்ந்தால் அது வற்றல் மிளகு. கொடியில் காய்க்கும் கறுப்பு மணியைத்தான் நல்லமிளகு என்போம். என் பாட்டி அப்படித்தான் சொன்னார். அவருடைய பாட்டியும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தன் சொந்த மண்ணில், தன் சொந்தப் பெயருக்கு முன்னால் 'நல்ல' என்றோர் அடைமொழி இல்லாமல் ஒரு பொருள் இனங்காணப்பட முடியாத நிலை எப்படி வந்தது? வேறொன்று வந்து அதன் பெயரை எடுத்துக்கொண்டது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

அந்த வேறொன்று அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பசு மிளகைத் தேடி மேற்கே கப்பலோட்டிப் போய்க் கண்டது மிளகாயை. காரமாக இருந்ததால் அதற்கு ஸ்பானியர் மிளகின் பெயரையே சற்று மாற்றி இட்டனர். உண்மை மிளகு விளையும் மலையாளக் கரைக்கு வாஸ்கோ ட காமா 1498இல் வந்து சேர்ந்தார். அதன் பின்னர் போர்த்துக்கேயர் கப்பல்களில் மிளகாய் இங்கு வந்தபோது, ஸ்பானியர் செய்த அதே காரியத்தை நம் முன்னோரும் செய்தனர். மிளகுபோல் உறைக்கும் காய், ஆகவே மிளகாய். மலையாளத்தில் அதற்குக் கப்பல் முளகு என்றும் ஒரு பெயர் உண்டு. எதில் ஏறி வந்தது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருப்பதாகவே நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். வீட்டைச் சுற்றிய நிலத்தை எங்கள் ஊரில் விளை என்பார்கள்; பிற ஊர்களில் கொல்லை, தோட்டம், புழக்கடை. அந்த விளையில் நிற்கும் செடிகொடிகளின் பெயர்களைச் சற்று நின்று கேட்டால், எந்தக் கல்வெட்டும் சொல்லாத செய்திகளை அவை சொல்லும்.

மிளகாய் வருவதற்கு முன் நம்மவர் காரமில்லாமலா உண்டார்கள் என்று வியப்பவர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு மறையவர் இல்லத்து உணவைக் காட்டுகிறார். மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலை சேர்த்து, பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் அது சமைக்கப்படுகிறது. மிளகுக்கு அங்கே அவர் வழங்கும் சொல் 'கறி' என்பது. மிளகிட்டுச் சமைத்தது கறியாயிற்று. பின்னர் மிளகு போய் மிளகாய் வந்தபோதும் கறி என்னும் பெயர் மட்டும் சட்டியில் தங்கிவிட்டது. தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் என்பவன் தனக்கு அன்போடு இட்ட வரகுச் சோற்றையும் கத்தரிக்காயையும் புளித்த மோரையும் உலகம் முழுதுக்கும் ஈடாக வைக்கிறார் ஔவையார். கத்தரிக்கு அக்காலத்துப் பெயர் வழுதுணங்காய். கத்தரியும் அவரையும் சுரையும் பாகலும் கீரை வகைகளும் வாழையும் நம் கொல்லையின் பழங்குடிகள்.

அந்தப் பழைய கொல்லை எப்போதும் நிறைந்திருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காண்கிறோம். கூரை இற்றுப்போய், சுவரைக் கறையான் அரித்து, காளான் பூத்துக் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைச் சுவைக்க, ஈன்ற நாய் வலி தாளாமல் கத்துகிறது. பசியால் மெலிந்த அவ்வீட்டுப் பெண், குப்பைமேட்டில் தானே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு ஒரு காரியம் செய்கிறாள்: தங்கள் வறுமையை அறியாதார் கண்டு பேசிவிடக் கூடாதே என்று நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு அமர்ந்து உண்கிறாள். கல்லூரியில் இப்பகுதியை முதன்முறை படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதற்குக் காரணம் நல்லூர் நத்தத்தனாரின் புலமை மட்டுமன்று. அந்தக் கதவை நான் முன்பே பார்த்திருந்தேன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கப்பலில் வந்தவை மிளகாயோடு நிற்கவில்லை. பப்பாளியும் அன்னாசியும் தம் அயல்நாட்டுப் பெயர்களைச் சற்றே தமிழாக்கிக்கொண்டு வந்தன. ஆர்க்காட்டு மாவட்டங்களில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. நம் தக்காளி என்பது முன்னர் மணத்தக்காளி போன்ற சிறு கனிகளுக்கு உரிய பெயர். பெரிய சிவந்த பழம் வந்தபோது அதனைச் சீமைத்தக்காளி என்றனர். இன்று சீமை உதிர்ந்து, வந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். பழைய வீட்டுக்காரர் மணத்தை முன்னொட்டாகச் சேர்த்துக்கொண்டு வேலியோரம் நிற்கிறார். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்றில் எண்ணும்போது மூங்கிலரிசி, பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கையும் சேர்க்கிறார். அந்த வள்ளியின் பெயரையே, பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கழித்து வந்த இரண்டு அமெரிக்கக் கிழங்குகளுக்கும் தமிழர் ஈந்தனர்: ஒன்று சர்க்கரைவள்ளி, மற்றொன்று மரவள்ளி.

தஞ்சைப் பகுதியில் நான் கற்ற இன்னொரு சொல் பறங்கிக்காய். எங்கள் ஊரில் அது மத்தங்காய். கொங்கு நாட்டில் அரசாணிக்காய். பறங்கி என்பது போர்த்துக்கேயரைக் குறித்த சொல். பறங்கிப்பேட்டையும் பறங்கிமலையும் அதனாலேயே அப்பெயர் பெற்றன. இச்சொல் நம் திருச்சபை வரலாற்றில் எவ்வளவு கசந்தது என்பதை வாசகர் அறிவர். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, திருமுழுக்கு வேண்டி வருவோரிடம் 'பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா' என்று அதுவரை கேட்கப்பட்டு வந்ததை அறிந்து திடுக்கிட்டார். தாம் பறங்கி அல்லர் என்று 1611இல் தம் இல்லத்து வாயிலில் அறிக்கையே எழுதி வைத்தார். அவ்வறிக்கையில் தொனிக்கும் குலப்பெருமையை இன்று நாம் அப்படியே ஏற்க முடியாது. எனினும் அச்சொல்லால் பட்ட காயம் உண்மையானது. அவர் நாளொன்றுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் மட்டுமே உண்டு வாழ்ந்தார். மனிதருக்கு வசையாக இருந்த அதே பெயரைச் சூடிய கொடி மட்டும் எவரையும் புண்படுத்தாமல் தமிழர் கூரைகளில் ஏறிக்கொண்டது. தை மாதத்தில் கூட்டுக்குப் பறங்கிக்காய் இல்லையென்றால் பொங்கல் நிறைவு பெறாத வீடுகள் காவிரிக் கரையில் இருக்கின்றன.

இந்தக் கலப்பை எல்லாரும் ஒரே சீராக ஏற்றார்கள் என்பதும் இல்லை. இந்து அன்பர்களின் இல்லங்களில், குறிப்பாக அந்தணர் வீடுகளில், முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளில் மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். தக்காளியும் முட்டைக்கோசும் விலக்கு. பழைய கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் இதே ஒழுங்கு. புதியது எது, பழையது எது என்பதை எழுதி வைத்த நூல் தேவையில்லாமல் அந்த அடுப்புகள் நினைவில் வைத்திருக்கின்றன. என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திதிச் சமையலை விவரித்தபோது, நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

விளைகளின் வரலாற்றில் ஒரு பெருநூலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் பலர் வெளியேற்றப்பட்டனர். ஆனால் டச்சு ஆளுநர் வான் ரீடுக்குச் செடிகொடிகளின்மேல் தீராத ஆர்வம். மலையாளக் கரையின் தாவரங்களைத் தொகுக்க அவர் துணைக்கு அழைத்தவர்களுள் ஒருவர் கார்மேல் சபைத் துறவியான அருட்தந்தை மத்தேயு. சமயப் பகைமை கொழுந்துவிட்டெரிந்த காலத்தில் ஒரு சீர்திருத்த சபை ஆளுநரும் ஒரு கத்தோலிக்கத் துறவியும் ஒரே செடியின் முன் குனிந்து நின்றிருக்கிறார்கள். தந்தை மத்தேயுவின் படங்களோடு தொடங்கிய பணி பின்னர் உள்ளூர் அறிஞர் கைக்கு மாறியது. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் ஆகியோர் செடிகளை இனங்கண்டு மருத்துவப் பயன் கூறினர். 'மலபார்த் தோட்டம்' என்னும் பொருளுடைய இலத்தீன் தலைப்போடு 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அமெரிக்காவிலிருந்து வந்த பப்பாளியும் முந்திரியும் மிளகாயும் அந்நூலில் உள்ளூர்ப் பெயர்களோடு அமர்ந்திருக்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்கும் குறைவான காலத்தில் அவை மலபார்ச் செடிகள் ஆகிவிட்டன.

(ஒரு சிறு இடைக்குறிப்பு: நம் காலத்தில் தமிழகத் தாவரங்களை முறையாகத் தொகுத்தவரும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவியவரும் ஒரு தந்தை மத்தேயுதான். கே. எம். மேத்யூ என்னும் அந்த இயேசு சபைத் துறவி 2004இல் மறைந்தார்.)

மலைக் காய்கறிகளைப் பற்றி இங்கு விரிக்கத் தேவையில்லை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களை ஒட்டி, நீலகிரியில் வெள்ளையருக்காகப் பயிரிடப்பட்டவை. இங்கிலீஷ் காய்கறி என்னும் பெயர் அதனால் வந்தது. அவை சந்தையின் வழியாக வந்தனவே ஒழிய, நம் கொல்லையின் வழியாக வரவில்லை.

எங்கள் விளையின் மெய்யான நாயகம் மரவள்ளி. அதனை நாங்கள் மரச்சீனி என்போம்; சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர்; நெல்லைப் பக்கம் ஏழிலைக்கிழங்கு. அதன் தாய்மண் தென்னமெரிக்கா. அதில் நஞ்சு உண்டு. எங்கள் ஊரில் இலையையும் தோலையும் தின்று மாடு மாண்ட கதைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கும். நஞ்சை நீக்கி அதனை உணவாக்கும் வித்தையைக் கண்டவர்கள் பிரேசிலின் பழங்குடிப் பெண்கள். சீவி, பிழிந்து, உலர்த்தி எடுத்த அந்த மாவுக்குத் துப்பி மொழியில் வழங்கிய சொல்லே டாப்பியோக்கா ஆயிற்று. பின்னர் அதே மாவு அடிமைக் கப்பல்களில் உணவாக ஏற்றப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் கொல்லைக்கு வந்த விருந்தாளிகளுள் பலர் ஏறிவந்த கடல்வழி, கண்ணீரும் கலந்த வழி.

திருவிதாங்கூரில் இக்கிழங்கைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. செடிகொடிகளில் ஈடுபாடுடைய அவர், அரிசி கிட்டாத ஏழைகளுக்கு இது உதவும் என்று கண்டார். நஞ்சென்று மக்கள் அஞ்சியபோது மன்னரே உண்டு காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அவர் நினைத்தது அறுபது ஆண்டுகளில் மெய்யாயிற்று. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. தன் உணவுக்குப் பெரிதும் பர்மாவை நம்பியிருந்த திருவிதாங்கூர் திகைத்து நின்றது. அன்று எங்கள் பகுதி அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழகத்தோடு இணைந்தது. பங்கீட்டு அரிசி வாரம் முழுதும் போதவில்லை. மலைச்சரிவிலும், தென்னையின் அடியிலும், வீட்டைச் சுற்றிய ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்திலும் நின்ற மரச்சீனிதான் பெரும்பாலோரின் உயிரைத் தாங்கிற்று. அதே போரினால் மலாயா ஜவ்வரிசி வரத்தும் நின்றது. சேலத்தார் 1943இல் இந்தக் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். இன்று நம் திருமண விருந்துப் பாயசத்தில் மிதக்கும் வெண்மணிகள் போர்க்காலத்துப் பிள்ளைகள்.

என் பாட்டி அந்தப் பஞ்சத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். 1960களில், நான் சிறுவனாக இருந்தபோது, வீட்டில் நெல் ஓரளவு இருந்தது. எனினும் வாரத்தில் மூன்று நாள் நண்பகலில் மரச்சீனிதான். சமையல் முறையில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டார். தூரைப் பிடுங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். மறுநாள் கிழங்கில் நீலக்கோடு ஓடிவிடும். மெல்லிய புறத்தோலையும் தடித்த உட்தோலையும் நீக்கித் துண்டுகளாக நறுக்கி, நிறைய நீர் விட்டு, பானையை மூடாமல் கொதிக்கவைப்பார். நாங்கள் மூடப் போனால் அகப்பையால் கையில் ஓர் அடி விழும். நஞ்சு ஆவியோடும் வடிநீரோடும் போகும் என்னும் வேதியியலை அவர் படித்ததில்லை. வெந்ததும் நீரை வடித்து, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகு, மஞ்சள் ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்த்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு மசிப்பார். பக்கத்தில் சாளைமீன் குழம்பு. பிரேசில், மெக்சிகோ, நம் கடற்கரை, நம் மலை எல்லாம் ஒரே பூவரசு இலையில் இருந்தன. எது எங்கிருந்து வந்தது என்று பாட்டி கேட்டதில்லை. பிள்ளைகளின் வயிறு நிறைகிறதா என்பதே அவர் வினா. எந்தச் செடி விளையில் நிற்கலாம், எது போகலாம் என்பதை முடிவு செய்தவர்கள் இத்தகைய பெண்களே என்று நான் நினைக்கிறேன். மன்னரின் பெயர் நூலில் இருக்கிறது. முதல் மிளகாய் விதையை அடுக்களைக் கழுநீர் பாயும் ஓரத்தில் ஊன்றிய பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

இனி அந்தக் கதவு. கிழங்கு இறக்கி வைத்ததும் பாட்டி முதலில் செய்வது முன்வாசல் கதவைச் சாத்துவது. கோடை வெக்கையிலும் சாத்துவார். ஒருநாள் நான் கேட்டேன்.

"சோறு வைக்காத வீடுன்னு ஊருல ஒரு பேச்சு வரப்பிடாது மக்களே" என்றார்.

பக்கத்து வீட்டிலும் அன்று கிழங்குதான். அவர்களும் கதவைச் சாத்தியிருந்தார்கள். தெருவெங்கும் கிழங்கு வேகும் மணம். தெருவெங்கும் மூடிய கதவுகள். பங்கீட்டுக் காலத்தில் பழகிய நாணம், பங்கீடு தளர்ந்த பின்னும் இருபது ஆண்டுகள் கழியவில்லை. பாணன் வீட்டுப் பெண்ணுக்கும் என் பாட்டிக்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். கொல்லையின் செடி மாறிவிட்டது; சட்டியில் காரம் மாறிவிட்டது.

அதே கிழங்கையும் மீன்குழம்பையும் இப்போது நெடுஞ்சாலை உணவகங்களில் வாழையிலை விரித்து, நல்ல விலைக்கு, விருந்தாகவே வைக்கிறார்கள். குடும்பத்தோடு வருவோர் படமெடுத்துக்கொண்டு உண்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் விளையில் பாதிக்குமேல் இரப்பர் மரங்கள் வந்துவிட்டன. எஞ்சிய மூலையில் என் தம்பி ஆண்டுதோறும் பத்து மூடு மரச்சீனி நடுகிறான். அதற்கு விதை தேடுவதில்லை. பிடுங்கிய செடியின் தண்டை முழ நீளத்திற்கும் குறைவான துண்டுகளாக வெட்டி, மண்ணைக் கூட்டி நட்டால் போதும், தளிர்த்துவிடும். அந்தத் தண்டு சென்ற ஆண்டுச் செடியிலிருந்து வந்தது; அது அதற்கு முந்தைய ஆண்டுச் செடியிலிருந்து. முதல் கட்டுக் கம்பைப் பாட்டி, தம் பிறந்த வீட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்ததாகச் சொல்வார்.